காரணம் எழுதப்படாத ஸ்கேன் படிவங்கள்: மருத்துவமனை முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். காரணம் எழுதாமல் வரும் ஸ்கேன் படிவங்களால், ஸ்கேன் எடுத்துப் படம் பார்த்துச் சொல்லும் எங்கள் கதிரியக்கத் துறை படும் பாடு குறித்து இந்த ஆண்டில் மட்டும் நான் எழுதிய இரண்டு கடிதங்கள் தங்கள் மேசைக்கு வந்துள்ளன. துறைத் தலைவர்கள் கூட்டத்திலும் பேசியாயிற்று. ஆகவே பழைய கதையை மறுபடி சொல்லித் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சென்ற செவ்வாய் இரவு நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். வலக்கையும் வலக்காலும் செயலிழந்து, பேச்சும் குழறிய நிலையில் வந்த முதியவர் ஒருவர் சி.டி. அறை வாசலில் ஸ்ட்ரெச்சரில் காத்திருந்தார். அவருக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். மூவரின் படிவங்களிலும் நோய் விவரம் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரே வாசகம்தான் இருந்தது: 'நோயாளியின் விருப்பத்தின் பேரில்'. மூன்றின் தலையிலும் சிவப்பு மையில் 'அவசரம்' என்று எழுதியிருந்தது. முதியவரின் படிவத்திலும் அதே சிவப்பு மை, அதே 'அவசரம்'. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதும், மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லாமல் அதைப் போட முடியாது என்பதும் தாங்கள் எங்களுக்குக் கற்பித்த பாடங்கள். நாங்கள் பார்த்துச் சொன்னபோது நாலே முக்கால் மணி நேரம் கடந்திருந்தது. அந்த மூவரால்தான் எல்லாம் கெட்டது என்று நான் வாதிடவில்லை. அவரை ஊரிலிருந்து கொண்டுவந்து சேர்க்கவே மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆனால் மிச்சமிருந்த நேரம் எங்களிடம்தான் இருந்தது.

எனவே மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்: மருத்துவர் நோயாளியைப் பரிசோதித்து, ஸ்கேனில் எதைத் தேட வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிடாத படிவத்தைக் கதிரியக்கத் துறை திருப்பி அனுப்பலாம் என்று தாங்கள் ஒரு சுற்றறிக்கை வெளியிட வேண்டும்.

இரவுப்பணியின் நெருக்கடி எல்லோருக்கும் தெரியும். பகலில் நடப்பதுதான் வெளியே தெரிவதில்லை. இரண்டு மாதங்களுக்கு முன், சந்தையில் மூட்டை தூக்கும் நாற்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் பத்து நாள் இடுப்பு வலியோடு வந்து, எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும் என்று நின்றார், எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஸ்கேன் எடுக்கக் காரணமாகக்கூடிய கால் மரப்போ, பலவீனமோ, காய்ச்சலோ, சிறுநீர்த் தடையோ இருந்ததா என்று படிவத்தில் ஒரு சொல் இல்லை. படத்தில், முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் ஜவ்வான டிஸ்க் ஒன்று லேசாகப் பிதுங்கியிருந்தது. இருப்பதை இல்லையென்று எழுத எனக்கு உரிமையில்லை, எழுதினேன். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான கட்டுரையின்படி, இருபது வயதினரில் 30 சதவீதம் பேருக்கும், நாற்பது வயதினரில் பாதிப் பேருக்கும், எண்பது வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் இப்படிப் பிதுக்கம் இருக்கிறது. நரைமுடியைப் போன்ற ஒன்று. ஆனால் அந்த ஆங்கில ரிப்போர்ட்டை அவருக்கு முதலில் படித்துச் சொன்னவர் மருந்துக்கடைக்காரர்; 'ஜவ்வு விலகிவிட்டது' என்று சொல்லியிருக்கிறார். பிலிம் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவருடைய மனைவி எங்கள் அறையைத் தேடிவந்து, "இனிமே அவரு மூட்டையே தூக்கக் கூடாதாமே, டாக்டரம்மா?" என்று கேட்டார். மேசையில் பார்க்காத படங்கள் குவிந்து கிடக்க, நான் ஒருபோதும் கண்டிராத, தொட்டுப் பரிசோதிக்காத ஒருவரின் பிழைப்பைப் பற்றி இரண்டு நிமிடத்தில் நான் என்ன சொல்லியிருக்க முடியும்? அவர் அதற்குள் வேலையை விட்டிருந்தார். நான் எழுதியதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

இதற்கு நோயாளிகளை நான் குறை சொல்லவில்லை. வரிசையில் மூன்று மணி நேரம் நின்று, ஒரு நிமிடம் பேசி, யாரும் இடுப்பில் கைவைத்துக்கூடப் பார்க்காமல் மாத்திரைச் சீட்டோடு திரும்புகிறவர், இயந்திரமாவது தன்னை முழுதாகப் பார்க்கட்டும் என்று நினைப்பதில் வியப்பில்லை. பயிற்சி மருத்துவர்களையும் குறை சொல்ல மாட்டேன். 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் பணியிலிருந்த மருத்துவர் கத்தியால் குத்தப்பட்ட பிறகு, நள்ளிரவில் ஆறேழு உறவினர்கள் சூழ்ந்து நின்று 'எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடுங்க' என்று சொல்லும்போது, இருபத்துமூன்று வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும்? மருத்துவப் பணியாளர் பாதுகாப்புக்கென்று 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரிலும் மாட்டியிருக்கிறோம்.

ஊரே ஸ்கேனைக் காய்கறிபோல விற்கும்போது நாம் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும் என்றும் சில நேரம் தோன்றுகிறது. பேருந்து நிலையத்து எதிரே, தள்ளுபடி விலையில் தலை முதல் கால் வரை பார்த்துத் தருவதாகப் பதாகை தொங்குகிறது. 2021 மே மாதத்தில், கொரோனா அலையின்போது, லேசான காய்ச்சல்காரர்கள்கூட வரிசைகட்டி நெஞ்சுச் சி.டி. எடுத்து, நுரையீரல் பாதிப்புக்கு 25-க்கு எத்தனை மதிப்பெண் என்று தேர்வு முடிவுபோல ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டதைத் தாங்களும் பார்த்தீர்கள். ஒரு சி.டி.யின் கதிர்வீச்சு முந்நூறு நானூறு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்று அப்போது டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் எச்சரித்தார். அந்தக் கணக்கு மிகை என்று கதிரியக்க மருத்துவர்களான எங்கள் சங்கமே மறுத்தது. கணக்கு மிகைதான். ஆயினும் வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி.யின் கதிர்வீச்சு, இயற்கையிலிருந்து நம் உடல் மூன்று நான்கு ஆண்டுகளில் பெறும் அளவுக்கு நிகர். அதற்கு ஒரு காரணமாவது எழுத வேண்டாமா? எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவதே மருத்துவமென்றால், இயந்திரத்தை வரவேற்பறையிலேயே வைத்துவிடலாம். எங்களுக்கும் படியேறும் வேலை மிச்சம்.

வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புதிய இயந்திரமோ புதிய பணியிடமோ கேட்கவில்லை. காரணம் எழுதாத படிவத்தைத் திருப்பி அனுப்பவும், ஐயம் இருந்தால் எழுதிய மருத்துவரை அழைத்துப் பேசவும் எங்களுக்கு உரிமை உண்டு, இந்த ஸ்கேன் இப்போது வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தால் அந்த முடிவுக்கு நிர்வாகம் துணைநிற்கும் என்று தங்கள் கையொப்பத்தோடு ஒரு சுற்றறிக்கை போதும். நோயாளியிடம் மறுப்பைச் சொல்லும் பொறுப்பு பயிற்சி மருத்துவரிடம் விடப்படாமல், அன்றைய பணியிலுள்ள உதவிப் பேராசிரியரிடம் இருக்கட்டும். என் முறை வரும் நாள்களில் நானே வந்து சொல்கிறேன்.

செவ்வாய் இரவின் நான்கு படிவங்களையும், பெயர்களை மறைத்து, நகலெடுத்துத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்து, முதலில் யாரை உள்ளே அனுப்பியிருக்க வேண்டும் என்று அந்தத் தாள்களை மட்டும் கொண்டு சொல்ல முடிகிறதா என்று தாங்கள் பார்க்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
பணிவுள்ள,
உதவிப் பேராசிரியர், கதிரியக்கத் துறை