ஆய்வு முடிந்த மறுமாதம் ஊசி உண்டா? இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் ரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் டெக்னீஷியனாக இருக்கிறேன். புதிய மருந்துகளுக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கும் 2019இல் வகுத்த விதிகளில், ஆய்வு முடிந்த பிறகும் நோயாளிக்கு மருந்து தொடர்வதைச் சொல்லும் 27ஆம் விதியைப் பற்றி ஒரு கோரிக்கை. யாருக்காகக் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தைச் சுழற்றினால் மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டும். சிலருக்குப் பாலாக நிற்கும். 150க்குள் இருக்க வேண்டிய டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இவர்களுக்கு 1000, 2000 என்று போகும். மெஷின் அளவைக் காட்டாது, நீர்த்து மறுபடி ஓட்ட வேண்டும். இந்தப் பால் நிறம் மற்ற கணக்குகளையும் கெடுக்கும். சோடியம் இல்லாத குறைவைக் காட்டும். கணையம் வெந்துகொண்டிருக்கும்போதே, அதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய அமிலேஸ் நொதி சரியாக இருப்பதாகக்கூட வரும். முதுகுவரை வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர், 'கேஸ்தான்' என்ற பதிலோடு வீடு திரும்புவது இப்படித்தான். இவ்வளவு கொழுப்பு ஏறினால் வரக்கூடிய இந்தக் கணைய அழற்சி முற்றினால் உயிருக்கே ஆபத்து.

இதைக் கேட்டதும் எல்லோரும் குடியைச் சொல்வார்கள். பலருக்கு அது உண்மை. கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் காரணம். ஆனால் ஒரு சொட்டு தொடாதவர்களும் வருகிறார்கள், பரம்பரைக் கோளாறு. கொழுப்பைக் கரைக்கும் நொதியே அவர்களுக்குச் சரியாக வேலை செய்யாது. தேங்காயும் எண்ணெயும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று தூத்தூர் மீனவர் ஒருவர் ரிப்போர்ட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்: "கடலுக்குப் போனா வாரக்கணக்கா போட்டுலதான் கெடப்பு. அங்க ஆக்குறதத்தானே திங்க முடியும்?" அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஃபெனோஃபைப்ரேட் மாத்திரையும் மீன் எண்ணெய்க் கேப்ஸ்யூலும் பலருக்குக் கேட்கும், இந்தப் பரம்பரைக்காரர்களுக்குப் பெரிதாகக் கேட்காது.

இவர்களுக்கு நம்பிக்கை தருவது புதிய ஊசிகள். அபோ சி-3 என்று ஒரு புரதத்தைக் கல்லீரல் செய்கிறது, ரத்தத்தில் உள்ள கொழுப்பு கரையவிடாமல் தடுப்பது அதுதான். புரதம் உருவாகும் முன்பே, அதைச் செய்யச் சொல்லும் குறிப்பான செய்தி ஆர்.என்.ஏ.வை இந்த ஊசிகள் அழித்துவிடுகின்றன. ஒலெசார்சென் மாதம் ஒரு முறை, பிளோசாசிரான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. டிரைகிளிசரைடு 500க்கு மேல் உள்ளவர்கள் ஆயிரத்துக்கும் அதிகமானோரிடம் ஒலெசார்செனைச் சோதித்த கோர், கோர்-2 ஆய்வுகளின் முடிவு 2025இல் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களைவிட டிரைகிளிசரைடு 72 சதவீதம் வரையும், கணைய அழற்சி 85 சதவீதமும் குறைந்தன. அரிதான பரம்பரை நோய் ஒன்றுக்கு மட்டும் அமெரிக்கா 2024 டிசம்பரிலேயே இதற்கு அனுமதி கொடுத்தது. அப்போது வைத்த விலை ஆண்டுக்குப் பல லட்சம் டாலர். இங்கே யார் வாங்குவார்கள்?

ஆகவே இந்த வகை மருந்து எங்கள் ஆட்களுக்குக் கிடைக்க ஒரே வழி, இந்தியாவில் நடக்கும் ஏதாவதொரு ஆய்வில் சேருவது. ஆய்வு என்றால் ஆபத்தும் உண்டுதான். இதே வழியில் முன்னால் வந்த வோலனெசோர்சென், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்ததை அறிந்தவர்கள் அறிவார்கள். அந்த ஆபத்துக்கு உடம்பைக் கொடுத்தவருக்கு ஆய்வு முடிந்ததும் என்ன கிடைக்கும்?

27ஆம் விதி, பலன் கண்டவருக்கு மருந்தை இலவசமாகத் தொடரலாம் என்கிறது. ஆனால் அந்த நோய்க்கு 'மாற்றுச் சிகிச்சை இல்லை' என்றால்தான். டிரைகிளிசரைடுக்கு மாற்று ஏட்டில் உண்டு: அதே ஃபெனோஃபைப்ரேட், கேட்காமல் போனதால் ஆய்வுக்கு வந்தாரே, அந்த மாத்திரை! ஊசியை நிறுத்தினால் சில மாதங்களில் கொழுப்பு பழைய இடத்துக்கே ஏறும். நோயைப் பார்த்து எழுதிய நிபந்தனை இது, நோயாளியைப் பார்த்து எழுதியதல்ல. போதாததற்கு, தொடர்ந்து போட்டுக்கொள்ளும்போது ஏதாவது ஆனால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றும் அவரே எழுதிக் கொடுக்க வேண்டும்.

கோரிக்கை இதுதான். வழக்கமான மருந்தை முறையாக எடுத்தும் 500க்குக் கீழே வராதவருக்கும், கணைய அழற்சி ஒருமுறை வந்தவருக்கும் 'மாற்று இல்லை' என்றே கொள்ள வேண்டும் என்று ஒரு விளக்கச் சுற்றறிக்கை வெளியிடுங்கள். பொறுப்பு விலக்கு அறவே வேண்டாம் என்பது என் கருத்து. அது பெரிய மாற்றம், நாளாகும் என்று தெரியும். சுற்றறிக்கைக்கு அவ்வளவு நாள் ஆகாது.

இன்னொன்று, சின்னதுதான். எங்கள் நோயாளிகள் பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருவனந்தபுரத்துக்கே போகிறார்கள். அங்கே நடக்கும் ஆய்வில் சேர்ந்தால் ஒப்புதல் படிவம் மலையாளத்தில் கைக்கு வரும். எங்களில் பலருக்கு மலையாளம் கேட்டால் புரியும், வாசிக்க வராது. சரளமாகப் பேசுகிறாரே என்று எதிரே இருப்பவர் கையெழுத்து வாங்கிவிடுவார். குமரி மாவட்டத்து முகவரி இருந்தால் தமிழ்ப் படிவத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சுற்றறிக்கை வரும்வரை, அந்தப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு வரி அச்சிடக் கட்டளையிடுங்கள்: ஆய்வு முடிந்த பிறகு இந்த ஊசி உங்களுக்குத் தொடரும் அல்லது தொடராது. இரண்டில் ஒன்றை அடித்துவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டட்டும்.

இப்படிக்கு,
மார்த்தாண்டம் பக்கத்து லேப் டெக்னீஷியன் ஒருவர்