எனக்காகக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் எம்.எஸ்சி. கணிதம் தேர்வு முடிவு வந்தது. முதல் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். அப்பா ஐந்தாவதோடு நின்றவர், அம்மா எட்டாவது. இருவரும் 1990-இல் சின்னப் பிள்ளைகளாக இலங்கையிலிருந்து அகதிகளாகப் படகேறி வந்தவர்கள். ராமேசுவரம் பக்கத்து மண்டபம் முகாமில் பதிவு, அப்புறம் வேலூர், மேல்மொணவூர் முகாம். நான் 2003-இல் பென்ட்லேண்ட் ஆஸ்பத்திரியில் பிறந்தேன். இலங்கையை நான் பார்த்ததே இல்லை.

ஆனாலும் நான் இந்தியக் குடிமகள் இல்லை. 1987 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்கு, அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். எனக்கு இருவருமே இல்லை. பிறப்புச் சான்றிதழில் வேலூர் என்று இருக்கிறது. சட்டத்தின் கணக்கில் நாங்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. அந்தச் சொல்லை முதன்முதலில் படித்த அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

2021-இல் கொரோனாவால் பொதுத்தேர்வு நடக்காமலே பிளஸ் டூ முடிந்தது. கல்லூரிக்கு விண்ணப்பம் போட கொணவட்டத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பாய், உங்களுக்கு நினைவிருக்கும். குடியுரிமை என்ற கட்டத்தில் 'இந்தியர்' என்று போட்டால் பொய். 'மற்றவர்' என்று போட்டால் பாஸ்போர்ட் எண்ணும் விசா எண்ணும் கேட்டுச் சிவப்பு எழுத்தில் அப்படியே நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றோம். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நீங்கள், "உட்காரும்மா" என்று சொல்லி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உதவி எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்தீர்கள். கடைசியில், முகாம் அடையாள அட்டையும் ஒரு கடிதமும் நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். கடிதத்தை டைப் அடித்ததும் நீங்கள்தான். காசு நீட்டியபோது, "முதல்ல சேரு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றீர்கள். ஐந்து வருஷம் ஆகிவிட்டது, இன்னும் வாங்கவில்லை.

அந்தக் கடிதத்துக்குக் கீழே யாராவது கையெழுத்துப் போட வேண்டுமே. முதலில் போன ஒரு கல்லூரியில் சாதிச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள், என்னிடம் அது இல்லை. கணக்கு சார், நீங்கள் அன்று காய்ச்சலோடு அடுத்த கல்லூரிக்கு டிவிஎஸ் ஃபிஃப்டியில் என்னையும் அப்பாவையும் மாற்றி மாற்றி அழைத்துப் போனீர்கள். "இந்தப் பொண்ணை ஏழு வருசமா பாக்கிறேன். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்" என்று சொன்னீர்கள். அப்பாவின் கையில் பெயிண்ட் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்ற அப்பாவை நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததைவிட அது பெரிதாகத் தெரிந்தது, சார்.

முகாம் சீட்டுக்கார அக்காக்களே, முதல் வருஷம் கட்டணத்துக்காக உங்கள் முறையை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தீர்கள். அதில் ஒரு அக்காவுக்கு மகளின் சடங்குச் செலவு தலைக்கு மேல் நின்றது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். முகாம் மாணவர்களுக்கு அரசு அந்த ஆண்டில்தான் கலை, அறிவியல் படிப்புக்கான உதவித்தொகையை 3,000-இலிருந்து 12,000 ரூபாயாக உயர்த்தியது. அது கைக்கு வரும்வரை என்னைத் தாங்கியது உங்கள் சீட்டுப் பணம்தான். மாலை வகுப்பு எடுத்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்து ஆசிரியர்களுக்கும், முகாம் கணக்கெடுப்பு நாட்களில் நான் விட்ட பாடத்தை எல்லாம் எழுதிக் கொடுத்த ஓட்டேரி கல்லூரித் தோழிகளுக்கும் என் அன்பு.

இனி என்ன என்று கேட்கிறீர்கள். அரசுப் பள்ளி ஆசிரியை ஆக ஆசை. குடியுரிமை இல்லாமல் அதற்கு வழியில்லை. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள்மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்று நடவடிக்கை இருக்காது என 2025 செப்டம்பரில் மத்திய அரசு உத்தரவு போட்டது. மனசு கொஞ்சம் லேசானது உண்மை. ஆனால் அது தண்டனையிலிருந்து விலக்கு, அவ்வளவுதான். அந்த 1987 கெடுவுக்கு முன்பே, 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த நளினி கிருபாகரன் அக்கா நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். அவர் மை வைத்த விரலைக் காட்டிய படத்தை அம்மா அலைபேசியில் வைத்திருக்கிறார். நான் பதினேழு வருஷம் பிந்திப் பிறந்துவிட்டேன். இப்போதைக்கு பி.எட். விண்ணப்பம் போட்டிருக்கிறேன், அதே கட்டம், அதே கேள்வி. கணக்கு சார் ஏற்கெனவே கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வரும் ஞாயிறு மாலை எல்லோரும் வீட்டுக்கு வர வேண்டும். 2023-இல் கட்டிக் கொடுத்த புது வீடு, உட்கார இடமிருக்கிறது. அம்மா இடியாப்பமும் சொதியும் சம்பலும் செய்கிறார். பாய், நீங்கள் கடையைப் பூட்டிவிட்டு வந்தாலும் சரி, உங்களுக்காகச் சூடாக எடுத்து வைத்திருப்போம்.