கோழிக்கூட்டில் ஈரம் சேர விடாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. கனடாவின் எட்மண்டனில் புது வீடு, கூடவே கோழிகளும் என்றால் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. முதல் குளிர்காலத்தை நினைத்து நீ பயப்படுவது புரிகிறது.

கோழிக்குக் குளிரைவிட ஈரம்தான் ஆகாது. இங்கே கியூபெக்கில் சில ராத்திரிகள் மைனஸ் 25 டிகிரி வரை இறங்கும். கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி. இறகை உப்பிக்கொண்டு அந்தச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் விடிய விடிய அது விடும் மூச்சும் போடும் எச்சமும் கூட்டுக்குள் ஈரத்தை ஏற்றிவிடும். பாவம், குளிருமே என்று எல்லா இடுக்கையும் அடைத்தால் அந்த ஈரம் போக வழியில்லாமல் கொண்டையில் படிந்து உறைந்துவிடும். நுனி முதலில் வெளுக்கும், அப்புறம் கருத்துப்போகும். அதனால் கூரையை ஒட்டி, கோழிகள் அடையும் உயரத்துக்கு மேலே திறப்பு வை. காற்று அவற்றின் மேல் நேராக அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். காலையில் ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தைப் பார். நீர் கோத்தோ பனி பூத்தோ இருந்தால் திறப்பு போதவில்லை. அமோனியா நெடி மூக்கில் ஏறினாலும் அதே கதைதான்.

உன்னிடம் இருப்பவை லெக்ஹார்ன் இனக் கோழிகள் என்கிறாய். கொண்டை பெரிது, தனியாகக் கவனி. என்னுடையவை ஷான்டெக்ளேர். மான்ட்ரியல் பக்கத்து ஓக்கா மடத்தில் துறவி வில்ஃப்ரிட் என்பவர் 1908-இல் தொடங்கி, இந்தக் குளிருக்கென்றே உருவாக்கிய இனம். கொண்டையையும் தாடியையும் தேடித்தான் பார்க்க வேண்டும்! அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

கோழிகள் அடைய வைத்திருக்கும் உருண்டைக் குச்சியை எடுத்துவிட்டு, இரண்டுக்கு நாலு அங்குல மரச்சட்டத்தை அகலப் பக்கம் மேலே வரும்படி பொருத்து. தட்டையாக உட்கார்ந்தால் விரல்களை நெஞ்சு இறகால் மூடிக்கொள்ளும்.

ஹீட் லாம்ப் வேண்டவே வேண்டாம். வைக்கோலில் விழுந்தால் கூடே எரிந்துபோகும். அந்தக் காசில், தண்ணீர் உறையாமல் சூடேற்றும் தட்டு ஒன்று வாங்கு. தண்ணீர் இல்லையென்றால் தீனியும் எடுக்காது. சாயங்காலம் கொஞ்சம் மக்காச்சோளம் போடு.

முட்டை குறையும். டிசம்பரில் உங்கள் ஊரில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காதே. சிலர் விளக்குப் போட்டு இட வைப்பார்கள். நான் போடுவதில்லை, அதுகளும் ஓய்வெடுக்கட்டும்.

கூட்டின் நீள அகலத்தையும், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதையும் எழுது. திறப்பை எங்கே வெட்டலாம் என்று படம் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி