அம்மண நீதிபதிகளும் காகித அங்கிகளும்

ஆசிரியருக்கு,

தொலைக்காட்சி நகைச்சுவையாளர் எழுதிய அரசியல் புத்தகம் என்றாலே கடையில் நின்றபடி புரட்டிவிட்டு வைத்துவிடும் சரக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்க நகைச்சுவையாளர் ஜான் ஸ்டூவர்ட்டும் அவருடைய 'டெய்லி ஷோ' என்ற அரசியல் கிண்டல் நிகழ்ச்சியின் எழுத்தாளர்களும் 2004-ல் கொண்டுவந்த 'அமெரிக்கா' அப்படியல்ல. பள்ளிக் குடிமையியல் பாடநூல் மாதிரியே, வகுப்புப் பயிற்சிகள் உட்பட, முகத்தை சீரியஸாக வைத்துக்கொண்டு கிண்டலடிக்கிறது. ஒரு பக்கத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளின் தலைகளும் யாருடையவோ அம்மண உடம்புகளில் ஒட்டியிருக்கும். எதிர்ப்பக்கத்தில், கத்தரித்துப் போர்த்திவிட கறுப்பு அங்கிகள். இதற்காகவே வால்மார்ட் கடைத்தொடர் இந்தப் புத்தகத்தைக் கடைகளில் வைக்க மறுத்துவிட்டு இணையத்தில் மட்டும் விற்றது (அங்கே மானம் போகாதாம்). மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு நூலக நிர்வாகம் தடைபோட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் 2005 ஜனவரியில் வாபஸ் வாங்கியது. சரி, நான் இன்னும் அந்த அங்கிகளைக் கத்தரிக்கவில்லை, பின்பக்கம் வீணாகிவிடுமே.

வாசகர் ஒருவர்