வடக்கு வீதியும் ஓக் மரமும்: வெளிவீதித் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த அங்கத்தவர்களுக்கும் அடியார்களுக்கும் வணக்கம்.

எமது ஆலயத்தின் வெளிவீதித் திருப்பணி 2024 கார்த்திகையில் நிறைவெய்தியது. இவ்வாண்டு ஆடித் தேர் முதற்தடவையாக நான்கு வீதியும் முழுச் சுற்று வந்து இருப்பிடம் சேர்ந்தது. நான்கு மாதத்தில் முடிப்போம் என்று 2023 ஆவணிப் பொதுக்கூட்டத்தில் சொன்னோம். பதினைந்து மாதம் எடுத்தது. இதில் கல் பதிக்கப் போனது பத்தொன்பது நாள்தான். மிச்சமெல்லாம் வடக்கு வீதியில் நிற்கும் ஓக் மரத்தோடு போனது. "ஒரு மரத்துக்காகவோ இவ்வளவு காலம்?" என்று பலர் கேட்டீர்கள். அதனால் இந்த அறிக்கையில் பெரும்பகுதி மரத்தின் கதைதான்.

2023 புரட்டாதியில் நடந்த சிரமதானத்தை நினைவிருக்கும். தொண்டர்கள் ஏணி வைத்து ஓக் மரத்தில் காய்ந்த கிளைகளை அரிந்துகொண்டிருந்தபோது, வேலிக்கு அப்பால் இருந்த அயலவர் பெண்மணி, "அனுமதி எடுத்தீர்களா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. இரண்டு நாளில் உள்ளூராட்சிக் கவுன்சிலின் மர அதிகாரி வாசலில் நின்றார். அந்த மரத்துக்கு கவுன்சிலின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்ற மரப் பாதுகாப்பு ஆணை, அதாவது ரி.பி.ஓ., இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அரிந்தவை முழுக்கப் பட்ட கிளைகள் என்பதால் தப்பினோம். உயிருள்ள மரத்தில் பட்ட கிளையை நீக்க அனுமதி தேவையில்லை. ஆனாலும் வெட்டுமுன் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அதிகாரி சொல்லிப் போனார். பச்சைக் கிளை ஒன்றில் வாள் பட்டிருந்தால் அது குற்றம். மரத்தையே விழுத்தியிருந்தால் அபராதத்துக்கு உச்ச வரம்பே கிடையாது.

வெட்கத்தோடு இதையும் எழுதுகிறோம். அந்த ஆணை காணிப் பதிவில் ஏறியே இருந்தது. பழைய தேவாலயக் கட்டடத்தை நாம் வாங்கியபோது சட்டத்தரணி அனுப்பிய கோப்பில் அது இரண்டு பக்கமாகக் கிடந்தது. யாரும் வாசிக்கவில்லை.

முதல் விண்ணப்பத்தை நாங்களே ஒரு மாலையில் இருந்து நிரப்பினோம். கட்டணம் இல்லாத விண்ணப்பம், படிவமும் இணையத்தில் கிடைக்கிறது. கேட்டது: மரத்தை அடியோடு எடுக்க வேண்டும். சொன்ன காரணம்: தேருக்கு இடைஞ்சல், இலை கொட்டுகிறது, அடியில் பொந்து இருக்கிறது. அது ஒரு கிழமையில் திரும்பி வந்தது. மரத்துக்கு நோய் என்றோ பொந்து என்றோ சொன்னால் தகுதியுள்ள ஒருவரின் எழுத்துமூலச் சான்று வேண்டுமாம். பொந்து என்ற காரணத்தை நீக்கிவிட்டு மறுபடி அனுப்பினோம். எட்டுக் கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. மார்கழி நடுவில் மறுப்பு வந்தது. இலை கொட்டுவது மரத்தை எடுக்கப் போதிய காரணம் ஆகாது, வீதியால் போகும் எல்லோருக்கும் அது அழகு தரும் மரம் என்று எழுதியிருந்தார்கள்.

மேன்முறையீடு செய்ய 28 நாள் இருந்தது. எங்கள் பரிபாலன சபை இரண்டாகப் பிரிந்தது. "எங்கட காணி, எங்கட மரம்" என்றார்கள் ஒரு பகுதியினர். வீதிக்குக் கிடைத்த திட்ட அனுமதியே மரத்துக்கும் போதும் என்றார் இன்னொருவர். அது பிழை. அந்த அனுமதியை நிறைவேற்ற அவசியமான வெட்டுக்கு மட்டும்தான் அது செல்லும். கல் பதிப்பதற்குக் கிளை வெட்டத் தேவையில்லை. கடைசியில் தலைவரின் ஒரு வாக்கால் மேன்முறையீட்டைக் கைவிட்டோம். மறுப்புக் கடிதத்தை ஆறுதலாக இரண்டாம் முறை வாசித்தபோதுதான் ஒன்று விளங்கியது. தேர் எவ்வளவு உயரம், கிளை எவ்வளவு உயரம் என்று நாங்கள் எங்குமே சொல்லவில்லை.

2024 தையில் ஒரு மர ஆலோசகரை அமர்த்தினோம். அவர் முதலில் நிலத்தில் இருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் தண்டை அளந்தார்: விட்டம் 92 சென்ரிமீற்றர். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வேரைக் காக்க வேண்டிய வட்டத்தின் ஆரை, ஏறக்குறைய 11 மீற்றர். வெள்ளை நிறத்தால் நிலத்தில் வட்டம் கீறியபோது அது வீதியைத் தாண்டி மடப்பள்ளிச் சுவர் வரை வந்தது. எங்கள் பழைய வரைபடப்படி அந்த வட்டத்துக்குள் 30 சென்ரிமீற்றர் தோண்டிக் கொங்கிறீற் போடுவதாக இருந்தது. பிறகு காற்றழுத்தக் கருவியால் மண்ணை ஊதி விலக்கிக் காட்டினார். கை மொத்தத்தில் வேர்கள், விரல் ஆழத்திலேயே, ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. பார்த்துக்கொண்டிருந்த பொருளாளர் அன்றே கொங்கிறீற் ஓடரை நிறுத்தினார். இப்போது அந்தப் பகுதியில் தோண்டவே இல்லை. நிலத்தின்மேல் தேன்கூடு போன்ற பிளாஸ்ரிக் அறைகளை விரித்து, கல் நிரப்பி, அதற்குமேல் நீர் இறங்கும் கல் பதித்திருக்கிறோம். வடக்கு வீதி மற்ற வீதிகளைவிடச் சற்று மேடாக இருப்பது இதனால்தான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் வெறும் தேரை மரத்தடிக்கு இழுத்தோம். கலசம் வரை 5.6 மீற்றர். வீதிக்குமேல் நீண்ட மிகத் தாழ்ந்த கிளை 4.3 மீற்றரில். முழுவதையும் மரத்தின் தலையில் கட்டினால் பெருங்கிளைகளில் கை வைக்க வேண்டும். அதற்கு அனுமதி கிடைக்காது. எனவே மரத்திடம் பாதியும் தேரிடம் பாதியும் கேட்டோம். வீதியை ஒரு மீற்றர் வெளியே தள்ளுவது. கிளைகளை 5.2 மீற்றர் வரை மட்டும், அதுவும் வீதிப் பக்கத்தில் மட்டும் நீக்குவது. தேரின் உச்சி 70 சென்ரிமீற்றர் மடங்கும்படி கீல் போடுவது. "தேர் தலைகுனியிறதோ?" என்று சிலருக்கு மனக்கசப்பு. குருக்கள் ஐயா, "சுவாமி மரத்தைப் பார்த்துத் தலையசைச்சுப் போறார் எண்டு நினையுங்கோ" என்று முடித்து வைத்தார்.

முதல் விண்ணப்பத்தில் வேலை விவரம் ஒரு வரி. இரண்டாவதில் நான்கு பக்கம்: ஏழு கிளைகள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம், படம், தடிப்பு, வெட்டும் இடம். ஏழாம் கிழமையில், பங்குனியில், அனுமதி வந்தது.

ஆனால் அதற்குள் அந்தக் கிளைகளில் ஒன்றில் காட்டுப்புறா கூடு கட்டிவிட்டது. பயன்பாட்டில் இருக்கும் கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டு பிரித்தானிய வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதனால்தான் 2024 தேர் கிழக்கு வீதியோடு திரும்பியது. அன்று அடியார்கள் பட்ட கவலைக்குச் சபையே பொறுப்பு. இரண்டாவது விண்ணப்பத்தை ஐப்பசியிலேயே முதல் விண்ணப்பமாகப் போட்டிருந்தால் மாரிக்குள் வெட்டி முடித்திருப்போம். கவுன்சிலைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் தந்த தவணைக்குள்தான் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னார்கள்.

வெட்டு 2024 புரட்டாதியில். ஏறுமுன் பொந்துக்குள் ஒளி பாய்ச்சி வௌவால் பார்த்தார்கள். வௌவால் தங்கும் இடம் வெறுமையாக இருந்தாலும் சட்டம் அதைக் காக்கிறது. நல்லகாலம், எதுவும் இல்லை. கயிற்றில் தொங்கியபடி ஒருவர், தண்டோடு ஒட்ட அரியாமல், கிளை புடைத்துத் தொடங்கும் வளையத்துக்கு வெளியே அரிந்தார். மரம் தானே காயத்தை மூட அந்த வளையம் வேண்டும். எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர் காயத்துக்குத் தார் பூசுவதில்லையா என்று கேட்டார். இப்போது அப்படிப் பூசுவதில்லையாம். பதினொன்றே முக்காலுக்கு வேலை முடிந்தது. பதின்மூன்று மாதம் காத்திருந்த வேலை!

வேலியோரம் நின்ற இரண்டு சிக்கமோர் மரங்களுக்கு ஆணை இல்லை. ஆனால் இது பாதுகாக்கப்பட்ட வட்டாரம் என்பதால் வெட்டுமுன் கவுன்சிலுக்கு ஆறு கிழமை முன்னறிவித்தல் கொடுத்தோம், கவுன்சில் ஆட்சேபிக்கவில்லை.

மரம் சம்பந்தமான செலவு: ஆலோசகர் அறிக்கை 540 பவுண், வேர் ஆய்வு 900, ஓக் வெட்டு 1,450, சிக்கமோர் 600, மொத்தம் 3,490 பவுண். வீதிக் கணக்கு பொதுக்கூட்டத்தில் தனியாக வரும்.

இனிச் சில வேண்டுகோள். கிடைத்த அனுமதி ஒரு தடவைக்கு உரியது. புதிதாகத் துளிர்த்துத் தாழும் கிளையை யாரும் கத்தரிக்க வேண்டாம்; அதற்குப் புது விண்ணப்பம் போட வேண்டும். வெள்ளைக் கோட்டுக்குள் வாகனம் நிறுத்தாதீர்கள். அண்மைக்காலமாகச் சிலர் ஓக் மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, அடியில் கற்பூரம் கொளுத்துகிறார்கள். பக்தி விளங்குகிறது, ஆனால் பட்டை கருகினால் அதற்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். துணிகளை அடுத்த ஞாயிறு அவிழ்க்கிறோம். விளக்கேற்ற விரும்புவோருக்கு வைரவர் சந்நிதிக்குப் பக்கத்தில் மேடை போட்டிருக்கிறோம்.

அனுமதிக் கடிதங்கள், படங்கள், அந்த இரண்டு பக்க ஆணை எல்லாம் அலுவலக அலுமாரியில் பச்சைக் கோப்பில் உள்ளன. பார்க்க விரும்புவோர் செயலாளரிடம் திறப்பைக் கேட்டு வாங்கலாம்.

இங்ஙனம்,
ஆலய பரிபாலன சபை