அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னவர்

அம்மு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். போனில் எனக்குப் பேச வராது, உனக்கே தெரியும், "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அதனால்தான் இது.

உன் டீமில் சேர்ந்து நாலு மாசம்கூட ஆகாத டச்சுப் பையன், எல்லார் முன்னாலும், உன் பெயரைச் சொல்லி, நீ போட்ட தேதி தப்பு, இந்தத் திட்டம் நடக்காது என்று சொன்னான் என்றாய். லீட் ஆன இரண்டாவது மாசமே இப்படியென்றால் மரியாதை எங்கே என்று கேட்டாய். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் போனை வைத்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஹிட்டிங்க். நீ சைக்கிளில் தாண்டிப் போகிறாயே பிலிப்ஸ் ஸ்டேடியம், அங்கே பி.எஸ்.வி. ஐந்தோவன் என்கிற உங்கள் ஊர் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். குஸ் ஹிட்டிங்க் என்று நாங்கள் சொல்வோம், அங்கே அந்த முதல் எழுத்தைத் தொண்டையில் காறுகிற மாதிரி சொல்வார்கள் போல.

வாத்தியார் வீட்டுப் பிள்ளை அவர். வார்செவெல்ட் என்கிற சின்ன ஊரில் 1946-ல் பிறந்தவர், ஆட்டக்காரராகப் பெரிய பெயர் இல்லை, கொஞ்ச காலம் பள்ளியில் அடங்காத பிள்ளைகளுக்கு விளையாட்டு வாத்தியாராக இருந்துகொண்டே பந்தும் ஆடியிருக்கிறார். 1988-ல் பி.எஸ்.வி.க்கு கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதில் ஒரு வேடிக்கை, காலிறுதியிலிருந்து இறுதி வரை ஐந்து ஆட்டம், ஐந்துமே டிரா. பிரான்ஸின் போர்தோ அணியையும் ரியல் மாட்ரிட்டையும் எதிரணி ஊரில் போட்ட கோல் கணக்கில் தாண்டி, ஸ்டுட்கார்ட்டில் பென்பிகாவை பெனால்டியில் 6-5 என்று முடித்தார்கள். ஜெயிக்காமலே கோப்பையைத் தூக்கிவிட்டார்கள் என்று அப்போது கேலி பேசினவர்கள் உண்டு.

ஆனால் நான் சொல்ல வந்தது தென்கொரியா கதை. 2001-ல் போனார். அதற்கு முன்னால் கொரியா ஐந்து உலகக் கோப்பை ஆடி ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை, அடுத்த உலகக் கோப்பையோ ஜப்பானோடு சேர்த்து அவர்கள் ஊரிலேயே. அவர் போய்ச் சேர்ந்த வருஷமே பிரான்ஸிடம் 5-0, அப்புறம் செக் குடியரசிடம் 5-0 என்று தோல்வி. "ஓ டே யோங்" என்று அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள், ஐந்துக்குப் பூஜ்யம் என்று அர்த்தம், கேட்டால் கொரியக்காரர் பெயர் மாதிரியே இருக்கும், பார்த்தாயா குசும்பை.

அங்கே அவர் பார்த்தது என்ன தெரியுமா? பையன்கள் வாயே திறக்கவில்லை. கொரிய மொழியிலும் நம்மைப் போலத்தான், ஒரு வயசு மூத்தவன் என்றாலும் அண்ணன், பேசுகிற வினைச்சொல்லே மாறிவிடும். சாப்பாட்டு மேஜையில் மூத்தவர்கள் ஒரு பக்கம், சின்னவர்கள் ஒரு பக்கம். மைதானத்தில் சின்னவன் காலியாக நின்றாலும் அண்ணனிடம் பந்து கேட்கத் தயங்குவான். ஹிட்டிங்க் மேஜைகளைக் கலைத்தார். ஆடும்போது அண்ணன் தம்பி கிடையாது, பெயர் சொல்லிக் கூப்பிடு என்று உத்தரவு போட்டார். கேப்டன் ஹோங் மியோங்-போவுக்கு அது நாலாவது உலகக் கோப்பை. அவரை 20 வயசுப் பையன் "மியோங்-போ!" என்று கத்த வேண்டும். எங்கள் காலத்தில் யாராவது ஃபோர்மேனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் கேட் பாஸ்தான்.

இன்னொன்றும் செய்தார். கொரியர்களுக்குத் தெம்பும் மனவலிமையும் உண்டு, நுணுக்கம்தான் போதாது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தபோது, நுணுக்கம் சரியாகத்தான் இருக்கிறது, 90 நிமிஷம் ஓடத் தெம்பு இல்லை என்று சொல்லி ஓட வைத்தே சாகடித்தார். திட்டாத பத்திரிகை இல்லை. 2002 மே மாசம் ஸ்காட்லாந்தை 4-1 என்று அடித்து, இங்கிலாந்தோடு 1-1, பிரான்ஸிடம் 2-3 என்று நெருங்கித் தோற்ற பிறகுதான் வாயை மூடினார்கள்.

உலகக் கோப்பையில் போலந்தும் போர்ச்சுகலும் விழுந்தன. இத்தாலி ஆட்டம் ஜூன் 18. நான் ஷிப்ட் முடிந்து ஓடி வந்து டிவி போட்டேன், நீ ஹோம்வொர்க் நோட்டோடு என் மடியில். அஞ்சாவது நிமிஷமே ஆன் ஜங்-ஹ்வான் பெனால்டியைக் கோட்டை விட்டான். நானாக இருந்தால் பாதி ஆட்டத்தில் உட்கார வைத்திருப்பேன். ஹிட்டிங்க் அவனை எடுக்கவில்லை. ஒரு கோல் பின்தங்கி நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தது கேப்டன் மியோங்-போவை! தடுப்பாளர்களைக் குறைத்து முன்னாடி ஆளைக் குவித்தார். 88-ல் சமன், 117-ல் அதே ஆன் தலையால் முட்டித் தங்க கோல், கூடுதல் நேரத்தில் முதலில் கோல் போட்டால் அதோடு ஆட்டம் முடிந்தது. நான் எழுந்து குதித்ததில் உன் நோட்டில் டீ கொட்டியது, மறுநாள் டீச்சரிடம் நீ திட்டு வாங்கினாய். அடுத்து ஸ்பெயினையும் பெனால்டியில் தாண்டி, அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-0. நடுவர்கள் கொரியா பக்கம் சாய்ந்தார்கள் என்று இத்தாலிக்காரனும் ஸ்பெயின்காரனும் இன்னும் புலம்புகிறார்கள், முழுக்கத் தப்பென்றும் சொல்ல மாட்டேன்.

அவர் ஒன்றும் மகான் இல்லை. 2007-ல் வரி ஏய்ப்பு வழக்கில் நிறுத்தி வைத்த ஆறு மாதத் தண்டனையும் அபராதமும் வாங்கினார். ஆஸ்திரேலியாவை 32 வருஷம் கழித்து உலகக் கோப்பைக்குக் கொண்டுபோனவர், ரஷ்யாவை வைத்து 2008 யூரோ கோப்பையில் சொந்த நாட்டையே 3-1 என்று வீட்டுக்கு அனுப்பினவர், 2014-ல் அதே நெதர்லாந்துக்குத் திரும்பப் பயிற்சியாளராக வந்து ஒரு வருஷம்கூட முடிக்காமல் விலகினார். கொரியாவிலோ அவருக்குக் கௌரவக் குடியுரிமையே கொடுத்தார்கள்.

சரி, ஏன் இதெல்லாம்? உன்னைப் பெயர் சொல்லித் தப்பு என்ற பையன், ஹிட்டிங்க் வளர்ந்த மண்ணில் வளர்ந்தவன். அங்கே அது அவமரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. நாம்தான் அந்தக் கொரியப் பையன்கள், அம்மு.

உனக்குச் சொல்லாத ஒன்று. மில்லில் நான் ஃபிட்டராகச் சேர்ந்த மூணாவது வருஷம், நூல் நூற்கிற ஒரு ரிங் ஃபிரேமில் பேரிங் முனகுவது எனக்குக் கேட்டது. ஃபோர்மேன் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, ஓட்டு என்றார். அவர் என்னைவிட 20 வருஷம் மூத்தவர், வாத்தியார் மாதிரி. நான் தலையை ஆட்டிவிட்டு ஓட்டினேன். இரண்டு நாள் கழித்து ராத்திரி ஷிப்டில் அது இறுகி மோட்டார் எரிந்தது. எண்ணெய் போடவில்லை என்று ஹெல்ப்பர் பையனுக்குச் சம்பளம் பிடித்தார்கள். அவன் எண்ணெய் போட்டான், நான் பார்த்தேன். அப்போதும் நான் பேசவில்லை. அவன் பெயர் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் போடுகிறேன். ஒரு மணி நேரம் போனில் அவன் எப்படிச் சொன்னான், யார் யார் இருந்தார்கள் என்றெல்லாம் சொன்னாய். அந்தத் தேதி தப்பா சரியா என்று மட்டும் சொல்லவே இல்லையே. அதைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி போடு.

அப்பா