‘நோய் மரபணு’ என்ற சொல் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மரபணுப் பரிசோதனைகள் குறித்துத் தங்கள் இதழில் சென்ற வாரம் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆயினும் ‘நீரிழிவு மரபணு’, ‘மாரடைப்பு மரபணு’ என்று அதில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள், நீண்ட காலம் உயிரியல் கற்பித்த என்னைக் கவலைக்குள்ளாக்கியதால் இதை எழுதுகிறேன்.

நீரிழிவை உண்டாக்குவதற்கென்றே ஒரு மரபணு சிலரிடம் மட்டும் ஒளிந்திருக்கிறது என்ற எண்ணத்தை அச்சொல் விதைக்கிறது. உண்மையில் அந்த மரபணு எல்லோரிடமும் இருக்கிறது. டி.என்.ஏ.வின் வேதி அலகுகளை எழுத்துகள் என்போம்; அந்த மரபணுவின் எழுத்து வரிசையில் ஏதோ ஓரிடத்தில் ஒருவருக்கு ஓர் எழுத்தும் இன்னொருவருக்கு வேறோர் எழுத்தும் அமைந்திருக்கும், அவ்வளவே. ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் கொண்ட மனித டி.என்.ஏ.வில், ஒப்பீட்டுக்காக வைத்துக்கொண்ட வரிசையிலிருந்து நாம் ஒவ்வொருவரும் 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபடுகிறோம். இவற்றில் மிகப் பெரும்பாலானவை மக்களிடையே பரவலாகக் காணப்படுபவை.

இரண்டாம் வகை நீரிழிவோடு தொடர்புடைய பரவலான வேறுபாடுகளில் வலுவானது என்று கருதப்படுவது, டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவில் 2006இல் கண்டறியப்பட்ட வேறுபாடு. இன்சுலின் சுரப்பைச் சற்றே தளர்த்தும் அந்த எழுத்தைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பெற்றவருக்கு நோய்க்கான வாய்ப்பு ஏறக்குறைய 1.4 மடங்காகிறது. ‘நாற்பது விழுக்காடு கூடுதல்’ என்று அச்சிட்டால் படிப்பவருக்கு நெஞ்சு பதறும். ஆனால், அந்த எழுத்து இல்லாத 100 பேரில் 10 பேருக்கு நோய் வரும் என்று வைத்துக்கொண்டால், அதைச் சுமக்கும் 100 பேரில் 13 அல்லது 14 பேருக்கு வரும் என்பதே அதன் பொருள். எஞ்சிய 86 அல்லது 87 பேருக்கு வராது. வலுவான வேறுபாட்டின் நிலையே இதுவென்றால், அதன்பின் கண்டறியப்பட்ட நூற்றுக்கணக்கானவற்றில் பெரும்பாலானவற்றின் விளைவு இதைவிடவும் சிறியது.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. ஏபிஓஇ மரபணுவின் நான்காம் வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு அல்சைமர் நோய்க்கான வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த மடங்கும் எல்லா மக்களிடமும் ஒன்றாக இல்லை. ஆப்பிரிக்க வழித்தோன்றல்களிடம் அது குறைவு. இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றோரில் மிகப் பெரும்பான்மையினர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால், பல மரபணு வேறுபாடுகளைச் சேர்த்து அவர்களைக் கொண்டு கணக்கிட்ட அபாய மதிப்பெண் பிற மக்களுக்கு அதே துல்லியத்தோடு பொருந்துவதில்லை. தங்கள் கட்டுரை இதைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை.

காக்கும் வேறுபாடுகளையும் கட்டுரை விட்டுவிட்டது. பிசிஎஸ்கே9 என்ற மரபணுவைச் செயலிழக்கச் செய்யும் மாற்றங்களைப் பிறவியிலேயே பெற்ற சிலருக்குக் கெட்ட கொழுப்பு குறைவாகவும் மாரடைப்பு அரிதாகவும் இருப்பது 2006இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. இயற்கை அவர்களுக்குச் செய்ததை மருந்தால் மற்றவர்களுக்கும் செய்யலாமா என்ற கேள்வி எழுந்து, அந்த மரபணு உருவாக்கும் புரதத்தைத் தடுக்கும் ஊசிமருந்துகள் 2015இலேயே ஒப்புதல் பெற்றன. என்னைக் கேட்டால், மரபணு வேறுபாடுகளை ஆராய்வதன் பெரும்பயன் இங்கேதான் இருக்கிறது. தனி மனிதருக்கு நோய் வருமா வராதா என்று குறிசொல்வதில் இல்லை.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் என் தம்பி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பரிசோதனைக்கு எச்சில் மாதிரி அனுப்பினான். நீரிழிவுக்கு ‘அதிக அபாயம்’ என்று சிவப்பு எழுத்தில் அறிக்கை வந்தது. “எழுதியே வைத்துவிட்டது, இனி நடந்து என்ன ஆகப்போகிறது அண்ணா?” என்று கேட்டவன், பத்தாண்டுகளாகத் தவறாமல் சென்ற காலை நடையை அன்றோடு நிறுத்திவிட்டான். நீரிழிவின் விளிம்பில் இருந்த 3,500க்கும் மேற்பட்டோரிடம் டிசிஎஃப்7எல்2 வேறுபாட்டை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவை அவனுக்கு விளக்கிச் சொன்னேன். அபாய எழுத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களில், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை மட்டும் உட்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடத் தெளிவாகக் கூடியிருந்தது. உணவைச் சீராக்கி, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்து, எடையைக் குறைக்க முயன்ற குழுவிலோ அந்தக் கூடுதல் அபாயம் பெரும்பாலும் தேய்ந்து போயிருந்தது. அவன் மீண்டும் நடக்கத் தொடங்க நான்கு மாதமாயிற்று. விளக்கிச் சொல்ல வீட்டில் ஆளில்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

ஆகவே, இனி இப்பொருள் குறித்து எழுதும்போது ‘நோய் மரபணு’ என்பதற்குப் பதிலாக ‘நோய் வாய்ப்பைக் கூட்டும் மரபணு வேறுபாடு’ என்றே எழுத வேண்டுகிறேன். சொல் நீளம்தான், ஆனால் சரியானது. எத்தனை மடங்கு என்று குறிப்பிடும் இடத்திலெல்லாம், நூற்றில் எத்தனை பேர் என்ற கணக்கையும், அது எந்த மக்களை ஆராய்ந்து பெறப்பட்டது என்பதையும் அருகிலேயே அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்